ஒட்டிய கவர்

ஹேமநாத் கோடிப் புடவையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஜவுளிக்கடை மஞ்சள் பையோடு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவின் காலடியில் நின்றான்.

"போத்துப்பா," என்றார் தணிகாசலம், மூன்றாவது முறையாக. "பொறந்த வூட்டுக் கோடி வுழாம தூக்க முடியாது. மணி மூணாயிடுச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே நிக்கிறியே?"

"உங்க பையன அந்தக் கவரப் பிரிக்கச் சொல்லுங்க. பிரிச்சதும் போத்தறேன்."

ஜெயபிரகாஷ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் மனைவி ஹரிதாவுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருந்தார்கள். வைத்த பொட்டு இடப்பக்கம் கொஞ்சம் விலகியிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கவர் தினக் காலண்டர் ஆணியில் தொங்கியது. அவர்கள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய கவர். ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக இரண்டு கையெழுத்துகள், ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது.

புத்தூரில் ஒரு பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுத்தாள் ஹரிதா. தினமும் காலையில் பள்ளியின் கரும்பலகையில் அந்தத் தேதிக்கு ஒரு வரி எழுதுவாள். எந்த ஆட்டக்காரர் பிறந்தார், யார் இறந்தார், எந்த ஆட்டம் எப்படி முடிந்தது. ஒரு வாரத்துக்கு உரியதை முன்கூட்டியே காலண்டர் தாள்களில் பென்சிலால் குறித்து வைத்துவிடுவாள். இன்றைய தாளிலும் குறித்திருந்தாள். 'செப்டம்பர் 1, 1972. ஸ்பாஸ்கி பாதியில் நின்ற ஆட்டத்தைத் தொடர வரவில்லை. தோல்வியைப் போனில் சொல்லிவிட்டார். ஃபிஷர் சாம்பியன்.'

அந்தக் காலத்தில் ஆட்டம் ஒரே நாளில் முடியாவிட்டால் நிறுத்தி வைப்பார்கள். அடுத்து ஆட வேண்டியவர் காயைத் தொடாமல், தன் நகர்த்தலைத் தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மறுபடி பலகை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பிரிக்கலாம். ஹரிதா அந்த முறையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். மாலையில் ஒரு மணி நேரம் ஆட்டம், பிறகு கவர், இரண்டு கையெழுத்து. ஓர் ஆட்டம் ஒரு வாரம்கூட ஓடும்.

"அது லெட்டர் இல்ல," என்றான் ஜெயபிரகாஷ். "ஆட்டத்துக் கவர்."

"நாலு நாளா ஜுரத்துல கெடந்தவகூட ஆட்டம் ஆடிக்கினு இருந்தியா?" என்றான் ஹேமநாத். போன வாரம்வரை 'வாங்க மாமா, துன்னீங்களா மாமா' என்று குழைந்தவன். "அக்கா இன்னாமோ எழுதி ஒட்டி வச்சிக்கீது. நீயும் கையெழுத்து போட்டுக்கீற. இப்ப பிரின்னா மாட்டேன்ற. அதுல இன்னாதான் கீது?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஹரிதாவின் அம்மா பிரமிளா நிமிர்ந்தாள். "சனிக்கெழம நான் போன் பண்ணப்போ இன்னா சொன்ன? ஜுரம் வுட்டுடுச்சின்னு சொன்னியே."

"வுட்டுதான் இருந்துது அத்த."

"அத்தன்னு கூப்டாத. உன் வாய்ல அது வரவே கூடாது."

சனிக்கிழமை ஜுரம் விட்டுத்தான் இருந்தது. சாயங்காலம் போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஆட்டத்தில் அவன் கை ஓங்கியிருந்தது. அடுத்த காயை நகர்த்த நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். "ஆடுறியா, நான் போய்ப் படுத்துக்கவா?" என்று கேட்டாள். அவன் தலையைத் தூக்காமல் "இரு" என்றான். அவன் ஆடியதும் அவள் எழுதி ஒட்டினாள். அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான். ஞாயிறு விடியலில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். இன்று விடியற்காலை நாலே முக்காலுக்கு வேறொன்றைச் சொன்னார்கள்.

வாசலில் இருந்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, நேரமாகிறது என்று தெலுங்கில் அவசரப்படுத்தினான். "டைம் அவுதுந்தி சார்."

"வெய்ட் பண்ணு," என்று அவனிடமும் சீறினான் ஹேமநாத். "பிரிக்கலன்னா நான் ஸ்டேஷனுக்குப் போறேன். அப்புறம் போலீஸ் வந்து பிரிக்கட்டும். அதுவரிக்கும் இங்கயே கெடக்கட்டும்."

"பிரிச்சித் தொலடா," என்றார் தணிகாசலம். "இருட்டறதுக்குள்ள எடுக்கணும்."

"பலக முன்னாடிதான் பிரிக்கணும் நைனா."

"பொண்டாட்டி பொணமா கெடக்கறா, சட்டம் பேசறான் பாரு," என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். யாரும் அவளை அடக்கவில்லை.

பலகை மூலையில் தையல் மெஷின் மேல் இருந்தது, சனிக்கிழமை விட்டது விட்டபடி. ஜெயபிரகாஷ் கவரை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றான். ஓரத்தைக் கிழித்தான். உள்ளே நோட்டிலிருந்து கிழித்த சின்னத் தாள். எழுத்து கீழ்நோக்கிச் சரிந்திருந்தது.

"படி."

"ஆர், டி, ரெண்டு."

"இன்னாது?"

"யானைய டி ரெண்டாங் கட்டத்துக்கு நகத்திக்கீறா. அவ்ளோதான்."

ஹேமநாத் தாளைப் பிடுங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். சின்ன வயதில் அக்காவிடம் தினமும் தோற்றவன்.

"அக்கா கருப்பா?"

"ஆமா."

"கருப்புல யானையே இல்லியே."

ஜெயபிரகாஷ் பலகைக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்த காய்களைக் காட்டினான்.

"ஒண்ணு புதன்கெழம வெட்னேன். இன்னொண்ணு வெள்ளிக்கெழம."

"அப்ப எந்த யானைய நகத்திச்சி?"

பிரமிளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. ஹேமநாத் மெதுவாகச் சொன்னான், அம்மாவுக்குச் சொல்வது போல. "பலகைல இல்லாத காய நகத்திக்கீதும்மா. அக்கா. சனிக்கெழமயே அதுக்கு நெனப்பு தடுமாறிப்போச்சி." பிறகு திரும்பினான். "எதுர்லயே உக்காந்துக்கினு இருந்தியே. இன்னா பாத்துக்கினு இருந்த?"

"நான் ஜெயிச்சிக்கினு இருந்தேன்," என்றான் ஜெயபிரகாஷ்.

அடிப்பான் என்று நினைத்து தணிகாசலம் குறுக்கே வந்தார். ஹேமநாத் அடிக்கவில்லை. பையிலிருந்து புடவையை எடுத்தான். விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தான். மடிப்பை உதறி, கால் மூடும்படி அக்காவுக்குப் போர்த்தினான்.

சுடுகாட்டிலிருந்து ஈரத் துணியோடு திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அறையில் இருந்த சாமான்களெல்லாம் வாசலுக்கு வந்திருந்தன. பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. காய்களை யாரோ அள்ளி ஒரு பக்கெட்டில் போட்டிருந்தார்கள். கழுவிய தண்ணீர் அதிலும் தெறித்திருந்தது.

ஹேமநாத் அம்மாவை பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு தங்கள் ஊரான நாராயணவனத்துக்குக் கிளம்பினான். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அந்த வழக்கம் இன்று அவனுக்கு வசதியாக இருந்தது.

ஜெயபிரகாஷ் பலகையைத் துடைத்துத் தரையில் வைத்து, அதன் முன் உட்கார்ந்தான். பக்கெட்டில் கைவிட்டு ஒவ்வொரு காயாக எடுத்தான். எது எங்கே நின்றது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வெட்டுப்பட்டவற்றைத் தனியாக ஒதுக்கினான். பிறகு அவற்றிலிருந்து ஒரு கறுப்பு யானையை எடுத்து, டி இரண்டாம் கட்டத்தில் வைத்தான். அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கட்டம் நனைந்தது.

அடுத்து ஆட வேண்டிய முறை அவனுடையது.