கைப்பிடிக் கம்பி

…நிற்கவில்லை, ஒரு சொட்டுகூட நிற்கவில்லை, மூலையில் ஊற்றிய சொம்புத் தண்ணீர் யாரிடமும் வழி கேட்காமல் நேராக வடிகால் ஜாலியைத் தேடிப் போய் விழுகிறது, ரசமட்டம் வைத்துப் பார்த்தவனுக்குத்தான் இந்தச் சரிவு தெரியும், மேலே நடக்கிறவன் காலுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, அதுதான் வேலை… இன்னொரு சொம்பு ஊற்றிப் பார்த்தால் என்ன? காலையிலிருந்து இது எட்டாவது சொம்பு. பிலால் குந்தி உட்கார்ந்து, தலையைத் தரையோடு சாய்த்து, டைல்ஸ் இடுக்குகள் ஒரே கோடாகச் சுவர்வரை ஓடுவதைப் பார்த்தான், பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ஏழு வருஷம் ஷார்ஜாவில் ஒரு ஹார்டுவேர் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, எந்தச் சுவருக்கு எந்த ட்ரில் பிட், எந்த ஆங்கர் என்ன எடை தாங்கும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறான், ஆனால் சொந்தக் கையால் ஒரு ஆணி அடித்ததில்லை, நீச்சல் தெரியாதவன் பரிசல் விற்ற கதைதான். இப்போது, லப்பைக்குடிக்காட்டில், அத்தாவின் அறையை ஒட்டிய இந்தக் குளியலறையில், தரை அவன் போட்டது, சுவர் அவன் போட்டது, வெஸ்டர்ன் டாய்லெட் அவன் பொருத்தியது, கதவுகூட அவன் இழைத்தது. பதினெட்டு நாள். விரல் நுனியில் தோல் உரிந்திருக்கிறது, அதைத் தடவிப் பார்த்தால்கூட ஒரு சுகம். இவ்வளவு சந்தோஷம் கல்யாண வீட்டுப் பிரியாணியில்கூட இல்லை, அப்புறம் ஏன் நெஞ்சுக்குள் இப்படி ஒரு உறுத்தல், பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி…

வாலிகண்டபுரத்துக் கொத்தனார் செல்லமுத்து வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாளு வேலைங்க தம்பி, மூணாம் நாளு உங்க அத்தா உள்ள போலாம்" என்றார். ரெண்டே நாள். அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். "இல்லண்ணே, தன் கையே தனக்கு உதவி, நானே பாத்துக்கறேன்" என்று இவன் சொன்னதும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஏன் அப்படிச் சொன்னான்? கொத்தனார் வருவதற்கு முந்தின நாள் அம்மா சொன்னதுதான் காரணம், வேறு என்ன. லீவில் வந்து இறங்கி மூன்றாவது நாள், அம்மா சாகிரா அடுப்படியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "தம்பி, எனக்குக் குனிய முடியலத்தா. நீ இருக்கிற வரைக்குமாச்சும் அத்தாவ கழுவி விடுறது, குளிப்பாட்டுறது, நீ பாத்துக்கிறியா? வேற யாரு அவங்கள அப்படிப் பாக்கலாம் சொல்லு, ஒண்ணு நான், இல்ல நீ." நியாயமான பேச்சு, பெற்ற மகனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாள். நாலு மாதத்துக்கு முன்னால் அத்தா ஹபிபுல்லாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது, இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, வாய் லேசாகக் குழறும், புத்தி மட்டும் பழைய மாதிரியே கத்தி. அந்த மனிதரை… முழங்காலுக்கு மேல் கைலி ஏறி ஒருநாளும் பார்த்திராத அந்த மனிதரை… இவன் வாயிலிருந்து என்ன வந்தது? "பாத்ரூம சரியா கட்டிட்டா யாருமே வேணாம்மா, அத்தா தானா போய்ட்டு தானா வரலாம், நான் பண்ணித் தரேன்." சொல்லி முடித்ததும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது, ஒரு வேலையிலிருந்து தப்பிக்க அதைவிடப் பெரிய வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவனுக்கு வருகிற நிம்மதி.

ஆனால் அப்புறம் அது ருசித்துவிட்டதே, அதுதான் வம்பு. பழைய சிமெண்ட் தரையை உளியால் பெயர்த்தபோது அது பாளம் பாளமாக வந்தது, ஒவ்வொரு பாளத்துக்கும் உடம்பு சிலிர்த்தது. ஏழாம் நாள் ஒரு பக்கச் சுவரின் டைல்ஸ் முழுக்க ஒட்டி முடித்த பிறகு, வாசலில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான், கோடு ரெண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. ரெண்டே மில்லிமீட்டர். யாருக்குத் தெரியப்போகிறது? அவனுக்குத் தெரிந்தது. அத்தனையையும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டினான், பெரம்பலூர் போய் புதுசாக ரெண்டு பெட்டி வாங்கி வந்து, மூன்று நாள், விசில் அடித்துக்கொண்டு. அந்த மூன்று நாளும், ஏன், பதினெட்டு நாளும், அம்மா காலை மாலை அத்தாவுக்கு வைக்கிற பிளாஸ்டிக் பேசினைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, கொல்லைக் கக்கூஸுக்கு நடந்தாள், இவனைத் தாண்டித்தான் நடந்தாள், சிமெண்ட் குழைக்கிறவன் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நடந்தாள், ஒரு தரம், "பாத்து, வழுக்கப் போவுது" என்று இவனுக்கே புத்தி வேறு சொன்னாள். அப்போது தலையை நிமிர்த்தினானா? இல்லை, கலவை காய்ந்துவிடும். கலவைக்குத்தான் எத்தனை அவசரம். சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் வேலைக்கு முன்னால், வேலைக்குப் பின்னால் என்று ரெண்டு படம் போட்டான், நிமிஷத்தில் மாஷா அல்லாஹ் மாஷா அல்லாஹ் என்று கொட்டியது, பெரியத்தா மகன் வாசிம், 'அத்தாவுக்காக ராப்பகலா உழைக்கிற புள்ள, அல்லா எல்லாருக்கும் இப்படி ஒருத்தனக் கொடுக்கணும்' என்று எழுதினான். அதற்கு ஒரு இதயம் வேறு போட்டான் இவன், வெட்கங்கெட்டவன்.

அதைக்கூட மன்னித்துவிடலாம், அந்த ஆறாம் நாளை எங்கே கொண்டுபோய் வைப்பது. அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். இவன் குழாய் மாட்டச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான், கடைசித் துளை, மிஷினை நிறுத்தி ஊதித் தூசி தட்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம், "சாகிரா" என்று குரல். கொஞ்சம் பொறுத்து, "பிலாலு." கேட்டது. இல்லை, கேட்ட மாதிரி இருந்தது என்று இத்தனை நாளாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டான், இல்லை, நன்றாகவே கேட்டது, என்ன வேண்டும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அவன் மிஷினின் விசையை அழுத்தினான். துளை முடிந்துவிட்டது, பிட் வெறும் காற்றில் சுழன்றது, அவன் அதைச் சுவர்ப்பக்கம் நீட்டியபடி அழுத்திக்கொண்டே இருந்தான், அம்மாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்வரை. படுக்கையெல்லாம் நாறியிருந்தது. அம்மா விரிப்பை உருவிக்கொண்டே, "இந்த மிஷினு சத்தத்துல ஒனக்கு எங்கத்தா கேக்கப் போவுது" என்று அவனுக்காக அவளே சாட்சி சொன்னாள். அத்தா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அவர் இருபது வருஷம் மரக்கடை வைத்திருந்தவர், சுவரில் இறங்குகிற சத்தமும் சும்மா சுற்றுகிற சத்தமும் அவருக்குத் தெரியாதா? தெரியாமல் இருக்கட்டும் என்று அன்றைக்குத் துவா கேட்டான், இப்படியும் ஒரு துவா உண்டா, கேட்கிற வாய் கூச வேண்டாமா…

"முடிஞ்சிருச்சாத்தா?" அம்மா கதவருகே நின்றாள், அவள் தோளில் அத்தாவின் கை. வெள்ளிக்கிழமை, பதினொன்றரை ஆகிவிட்டது, ஜும்ஆ பாங்கு சொல்வதற்குள் அத்தா குளித்து, கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டால் வீட்டிலேயே தொழலாம், இன்றைக்குத் திறப்பு விழா என்று இவன்தான் நேற்றே சொல்லி வைத்திருந்தான். அவன் எழுந்து ஒதுங்கி நின்றான், எழுந்த வேகத்தில் வாய் கடைக் கவுண்டர் வாயாகிவிட்டது. "வாங்கத்தா, இது வழுக்காத டைல்ஸு, ஈரமா இருந்தாலும் கால் புடிக்கும். ஒளு செய்யற குழாய தாழ்வா வச்சிருக்கேன். இது கழுவுற ஸ்ப்ரே, விரல் பட்டாப் போதும். இதுதான் முக்கியம், புடிச்சு எழுந்திரிக்கிற கம்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு, நூத்தி இருவது கிலோ தாங்கும், நானே தொங்கிப் பாத்தேன்." அத்தா ஒவ்வொன்றையும் பார்த்தார், வாங்க வந்தவர் மாதிரி மரியாதையாகத் தலையாட்டினார். அம்மா அவரைத் திருப்பி மெல்ல டாய்லெட் மேல் உட்கார வைத்தாள். அவர் உட்கார்ந்தார், கதவைப் பார்க்க, பிலாலைப் பார்க்க. பளபளவென்ற கம்பி அவருக்குப் பக்கத்தில் இருந்தது, இடது பக்கத்தில். அதை ஒட்டி அவருடைய இடது கை துணி மாதிரி தொங்கியது.

பிலாலுக்கு முதலில் விளங்கவில்லை. வலது பக்கம்தானே வைத்தான், அத்தாவுக்கு வலது கைதான் வேலை செய்யும் என்று தெரிந்து, சாக்பீஸால் 'வலது' என்று எழுதி, அளந்து… எங்கே நின்று அளந்தான்? டாய்லெட்டைப் பார்த்து நின்று. பதினெட்டு நாளும் அதைப் பார்த்துத்தான் நின்றான், அவனுடைய வலது. உட்காருகிறவன் திரும்பி உட்காருவான் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஒரே ஒரு நாள் அத்தாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தால், ஒரே ஒரு தரம் அந்த உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தன் தோளில் தாங்கியிருந்தால், தெரிந்திருக்கும். சுவரை அளந்தான், அவரை அளக்கவில்லை. அத்தா வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய், எட்டாமல் எட்டி, கம்பியின் நுனியை ரெண்டு விரலால் தடவினார். "நல்லா கெட்டியா இருக்கு" என்றார், குழறலாக, உண்மையாகவே பாராட்டுகிற குரலில். திட்டியிருக்கலாம் அவர். "இதுதான் நீ ஏழு வருஷம் வித்த லட்சணமா" என்று பழைய மரக்கடைக் குரலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தாங்கிக்கொண்டிருப்பான்.

கம்பி கிடக்கட்டும், அந்த ஸ்ப்ரே… வலது கையில் அதைப் பிடித்தால் கழுவுவது எந்தக் கையால்? இருக்கிறது ஒரு கை. இடது கையால் கழுவி வலது கையால் சோறு தின்கிற சாதிசனம், பள்ளிக்கூடம் போகுமுன்னே படிக்கிற முதல் பாடம் அது, அதைச் சொல்லிக் கொடுத்ததே அத்தாதான், அவனுக்கு எப்படி இது தோன்றாமல் போனது? அப்போதுதான் ஸ்பூன் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக அத்தா சோற்றைக் கையால் தொடுவதில்லை, ஸ்பூன் கேட்கிறார், கை நடுங்குகிறது போல என்று இவன் போய் நல்ல கனமான ஸ்பூனாகப் பார்த்து வாங்கி வந்தான். எந்த நாளிலிருந்து? அந்த ஆறாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து. அம்மா வருவதற்குள், கூப்பிட்டும் யாரும் வராமல் போன அந்த அரை மணி நேரத்தில், அவர் தானாகவே துடைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார், இருக்கிற ஒரு கையால். அதற்கப்புறம் அந்தக் கையால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிலாலுக்குச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, டைல்ஸ் ஒவ்வொன்றிலும் அவன் முகமே கலங்கலாகத் தெரிந்தது.

"நீ வெளிய இருத்தா" என்றார் அத்தா. அவன் வெளியே வந்தான். சொல்லுக்குக் காத்திருந்தவன் போல வந்தான். கதவைச் சாத்தினான், கீல் முனகவில்லை, நன்றாகப் பொருந்தியது. நாலு நாள் இருக்கிறது விமானத்துக்கு. கம்பியைக் கழற்றி அந்தப் பக்கம் மாற்றிவிடலாம், அந்தச் சுவருக்குள் குழாய் ஓடுகிறது, அதனால் ஒரு சாண் தள்ளித்தான் துளை போட வேண்டும், பழைய துளையை அடைக்க வெள்ளைச் சிமெண்ட், ஒரு டைல்ஸ் மாற்ற வேண்டியிருக்கும், அதே நிறம் பெரம்பலூரில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அரியலூர், ஸ்ப்ரேயை எடுத்துவிட்டு தானாகக் கழுவிவிடுகிற சீட் ஒன்று இருக்கிறதே, கடையில் அவனே விற்றிருக்கிறான், ஆன்லைனில் போட்டால் ரெண்டு நாளில் வரும், அதற்கு ஒரு கரண்ட் பாயிண்ட் இழுக்க வேண்டும், இழுத்துவிட்டால் அப்புறம் யாருமே… மனசு விறுவிறுவென்று ஓடியது, கை தானாகப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துவிட்டது, உடம்பில் அந்தப் பழைய சிலிர்ப்பு, வேலை கிடைத்துவிட்ட சிலிர்ப்பு. அடப்பாவி, இப்போதுமா?

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மாவுக்கு மூச்சு வாங்குவது கதவுக்கு வெளியேயும் கேட்டது, குனிந்தவள் நிமிர முடியாமல் எதையோ பிடிக்கிறாள், அந்தக் கம்பியைத்தான் பிடிக்கிறாள் போல. "என்னால ஒங்களத் தூக்க முடியலங்க. புள்ளையக் கூப்புடுறேன்" என்றாள்.

"வேணாம்" என்றார் அத்தா, குழறல் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி. "அவன் கூச்சப்படுறான். நாலு நாளுதான் இருக்கப் போறான். விடு."

கதவுக்கு இந்தப் பக்கம் டேப்போடு நின்றான் பிலால். தெரிந்திருக்கிறது, எல்லாம் தெரிந்திருக்கிறது. தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி அவனேதான் வைத்தான். ஆனால் 'விடு' என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான், ஒரு மூச்சு நேரம், நன்றாக, உடம்பெல்லாம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.