ஆரஞ்சு டை

வாரன் ஸ்டெக்கர் அதைச் சொன்னபோது மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

"அழுகை முடிஞ்சுதா? இன்னும் ஒருத்தர்தான், அப்புறம் சாப்பிடப் போலாம்."

பக்கத்தில் குனிந்து நின்ற ஹாலிஸ் ட்ரென்ட்டிடம்தான் சொன்னார். ட்ரென்ட் துப்பாக்கிச் சங்கத்தின் ஆள். மாநிலச் சட்டசபையில் சங்கத்துக்காக ஆதரவு திரட்டுவது அவருக்குத் தொழில். ஆனால் சட்டசபைக் குழு கூடியிருந்த அறை முழுக்கக் கேட்டுவிட்டது. சாட்சி மேசையிலிருந்து எழுந்துகொண்டிருந்த காரெட் நோவாக்குக்கும் கேட்டது.

காரெட் அழவில்லை. அழுகை அவனுக்கு வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பொதுமக்களுக்குப் பேச இரண்டு நிமிடம் தருவார்கள். மனைவியின் பெயர் மரிசா, வயது இருபத்தொன்பது, பல் மருத்துவமனையில் வேலை, அங்கே அவளோடு வேலை பார்த்த இன்னொருத்தியைத் தேடி அந்தப் பெண்ணின் பழைய கணவன் வந்தான் என்று சொல்வதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அவன் சொல்ல வந்தது ஓர் எண் மட்டும்தான். அந்த ஆள் காலை ஒன்பது நாற்பதுக்குத் துப்பாக்கி வாங்கினான். பதினொன்றேகாலுக்குச் சுட்டான். குறுக்கே நின்ற மரிசா செத்தாள். இடையில் தொண்ணூற்றைந்து நிமிடம். அதில் ஒரு காபியும் ஒரு டோனட்டும்கூட வாங்கித் தின்றிருக்கிறான். துப்பாக்கி வாங்கியவன் கையில் அது வந்து சேர மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் மசோதா.

"நன்றி. உங்க குடும்பத்தை எங்க பிரார்த்தனையில வெச்சிருக்கோம். அடுத்தவங்க வரலாம்," என்றார் ஸ்டெக்கர். சூரியகாந்தி விதையை உடைத்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினார். அவர்தான் நீதிக்குழுவின் தலைவர். மசோதாவை வாக்கெடுப்புக்கு விடாமல் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்ட அவர் ஒருவரால் முடியும். பூட்டினார்.

அன்றைக்குக் காரெட்டுக்குள் ஏதோ ஒன்று நேராக நிமிர்ந்து உட்கார்ந்தது. துக்கம் அல்ல, துக்கத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அவன் மாவட்டச் சாலைத் துறையில் பொறியாளன். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜனவரியிலிருந்து தினமும் சட்டசபையின் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தான். கொக்குக்கு ஒன்றே மதி. மாடத்தின் கீழண்டைக் கோடியில், முன்வரிசை மூன்றாவது நாற்காலியில் ட்ரென்ட் உட்கார்வார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் பளீரென்று ஆரஞ்சு டை. காட்டில் ஒரு வேட்டைக்காரன் இன்னொருவனை மானென்று நினைத்துச் சுட்டுவிடாமலிருக்கப் போடுகிற அதே ஆரஞ்சு. வாக்கெடுப்பு மணி அடித்ததும் அவர் கையைத் தலைக்கு மேலே உயர்த்துவார், இல்லை மாடத்துக் கைப்பிடிக்குக் கீழே தொங்கவிடுவார். ஸ்டெக்கர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். சுவரில் இருந்த பெரிய பலகையில் அவர் பெயருக்கு எதிரே பச்சையோ சிவப்போ எரியும். அதைப் பார்த்து அவர் வரிசையில் இருந்த ஒன்பது பேரும் அதையே அழுத்துவார்கள். யாரும் இதை மறைக்கவில்லை. மழை வந்தால் குடை பிடிப்பதுபோல, அது அங்கே ஒரு வழக்கம்.

நான்காவது வாரம்தான் காரெட் அதைக் கவனித்தான். உதவியாளர் நீட்டிய சீட்டை ஸ்டெக்கர் முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பிறகு, "நீயே படி" என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் நடைபாதையில் நீலச்சட்டை போட்ட யாரோ ஒருவரை வேறொருவர் என்று நினைத்துத் தோளில் தட்டினார். அவருடைய தேர்தல் சுவரொட்டியில் அவர் வெறும் கண்ணோடு துப்பாக்கிக் குறி பார்த்துக்கொண்டிருப்பார். கீழே, 'தொலைவில் வருவதையும் காண்பவர்' என்று எழுதியிருக்கும். கண்ணாடி இருந்தது. அது கோட்டுப் பைக்குள் இருந்தது. கேமரா இருக்கிற இடத்தில் அது வெளியே வராது.

சாலைப் பலகைகளை எவ்வளவு தூரத்தில் நடுவது என்பது காரெட்டின் வேலை. எழுத்து மறைந்த பிறகும் நிறம் வெகுதூரம் தெரியும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். அன்று மாலை கூட்டம் கலைந்ததும் ஸ்டெக்கரின் இருக்கைக்கும் மூன்றாவது நாற்காலிக்கும் இடையே எவ்வளவு இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தான். எழுபது அடி, கூடவோ குறையவோ.

மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் பெர்னடெட் கோசிக். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கீழ்த்தளச் சிற்றுண்டிச் சாலையில் அவர் எதிரே போய் உட்கார்ந்தான்.

"இழுப்பறைல இருக்கறதை வேற மசோதாவுக்குத் திருத்தமாக் கொண்டுவர முடியுமா?"

"முடியும். வேட்டை உரிமம் மசோதா ஒண்ணு வருது, அதுல ஒட்டலாம். ஒட்டி என்ன பண்ண? நாப்பத்திரண்டு ஓட்டுதான் என்கிட்ட. எண்ணி எண்ணி விரல் தேஞ்சுது."

"மான்கறி விருந்து அன்னிக்கு, பன்னிரண்டே முக்காலுக்குக் கொண்டுவாங்க."

கோசிக் சூப்பைக் கலக்குவதை நிறுத்தினார். மார்ச் மாதத்து இரண்டாவது புதன்கிழமை சங்கம் உறுப்பினர்களுக்கு விருந்து போடும். மான்கறியும் பீன்ஸும் போட்டு எரிய எரிய ஒரு சில்லிக் குழம்பு. சபை நடந்துகொண்டே இருக்கும். ஆட்கள் முறைவைத்துக் கீழே போய்த் தின்றுவிட்டு வருவார்கள். ட்ரென்ட் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு தன் கையாலேயே பரிமாறுவார். ஒரு மணிவரை மாடத்துக்கு வரமாட்டார்.

"நீ என்ன செய்யப்போறேன்னு எனக்குச் சொல்லாத," என்றார் கோசிக்.

"சொல்லல."

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் காரெட். உனக்குச் சட்டம் வேணுமா, அந்த ஆள் வேணுமா?"

"அந்த ஆள்."

"நீ பொய் சொல்லுவேன்னு நினைச்சேன்," என்றார் கோசிக். சூப்பை முடித்தார். "பன்னிரண்டே முக்கால்."

புதன்கிழமை காரெட் சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். வேட்டைச் சாமான் கடையில் வாங்கிய ஆரஞ்சு டை. மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தான். யாருக்கும் ஒதுக்கிய இடம் அல்ல அது, பொதுமக்கள் மாடம். வேடம் என்றும் சொல்ல முடியாது. ட்ரென்ட் அறுபது வயது, குட்டை, முழு வழுக்கை. காரெட் ஆறடி, தலை நிறையக் கறுப்பு முடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி அவனைப் பார்த்துச் சிரித்து, "இது யாரோட இடம் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும்."

ஸ்டெக்கர் விருந்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கோசிக் எழுந்து திருத்தத்தின் எண்ணைச் சொன்னார். குமாஸ்தா ராகம் மாறாமல் வாசித்தார்: பதினான்காம் பிரிவில், 'வாங்கிய' என்பதற்குப் பின், 'எழுபத்திரண்டு மணி நேரம் கழிந்து' என்று சேர்க்க. சபை பாதி ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது, பாதி கைப்பேசியில் இருந்தது. மணி அடித்தது.

ஸ்டெக்கர் அண்ணாந்து பார்த்தார்.

அந்த ஒரு நொடி அவர் காரெட்டின் முகத்தையே நேருக்கு நேர் பார்த்தார். அன்று இரண்டு நிமிடம் தன் எதிரே உட்கார்ந்திருந்த முகம். கண்ணில் ஒரு சலனமும் இல்லை. கீழே பரிமாறிக்கொண்டிருந்தவர் அதற்குள் எப்படி மேலே வந்தார் என்றுகூட யோசித்ததாகத் தெரியவில்லை, அந்த நாற்காலியில் ஆரஞ்சு இருந்தது. காரெட் கையைத் தலைக்கு மேலே உயர்த்தினான்.

ஸ்டெக்கர் பொத்தானை அழுத்தினார். பச்சை. அவர் வரிசையில் ஒன்று, மூன்று, ஏழு என்று ஏறி ஒன்பதும் பச்சை. பலகை பூட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தைந்து. கோசிக் மூச்சு விடாமல் அடுத்த தீர்மானத்தைச் சொன்னார்: இதை மறுபடி எடுக்க வழியில்லாமல் முடித்து வைக்க வேண்டும். எல்லா வாக்கெடுப்புக்குப் பின்னும் பழக்கத்தில் சொல்வதுதான். பழக்கத்தில் எல்லாரும் 'ஆம்' என்றார்கள். சுத்தியல் விழுந்தது.

அதன் பிறகுதான் யாரோ ஸ்டெக்கரின் காதில் சொன்னார்கள்.

சபைக் காவலர் காரெட்டைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். நடைபாதையின் ஒரு கோடியில் நிருபர்களும் இரண்டு கேமராவும். மறு கோடியில் படியேறி ட்ரென்ட் வந்துகொண்டிருந்தார், இடுப்பில் இன்னும் ஏப்ரன். நடுவே ஸ்டெக்கர் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

"யார் நீ?"

"நோவாக். அக்டோபர்ல உங்க முன்னாடி பேசினேன்."

ஸ்டெக்கருக்கு நினைவு வரவில்லை. நினைவு வந்ததுபோல் தலையை ஆட்டினார். குரலைத் தாழ்த்தினார். "தம்பி, சபையைக் குலைச்சதுக்கு ஆறு மாசம் உள்ள போடலாம், தெரியுமில்ல? நான் ஒரு வார்த்தை சொன்னா இந்தக் காவலர் உன்ன இப்பவே கூட்டிட்டுப் போவார்."

"சொல்லுங்க சார்."

"சொல்லல. எனக்கு ஒரு காகிதம் வேணும். நீ ஹாலிஸ் மாதிரி உக்காந்து என்னை ஏமாத்தினேன்னு உன் கையால எழுதிக் குடு. அவன் நான் விலை போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு வர்றான். எழுதினா நீ வீட்டுக்குப் போலாம்."

ஸ்டெக்கருக்கு வேண்டியது தன் மதிப்பெண். சங்கம் வருடாவருடம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் பள்ளிப் பிள்ளைக்குப் போடுவதுபோல மதிப்பெண் போடும். பதினாறு வருடமாக அவர் முதல் தரம். அது போனால் ஊரில் உட்கட்சித் தேர்தலில் நிற்க முடியாது.

"நடந்ததை நடந்தபடி எழுதறேன்," என்றான் காரெட்.

"அது போதும்."

காவலரின் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாள் வாங்கி, சுவரில் வைத்து எழுதினான். பொறியாளர்களின் சின்ன, நெருக்கமான எழுத்து. எட்டு வரி. ஸ்டெக்கர் வாங்கினார். கேமராக்கள் நெருங்கி வந்தன. அவருடைய வலது கை கோட்டுப் பைவரை போய், நின்று, திரும்பி வந்தது. தாளைத் தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார். எட்டு வரிக்கு அந்த வேகம் ஆகாது என்று காரெட்டுக்குத் தெரியும்.

"சரியா இருக்கு," என்றார் ஸ்டெக்கர். வந்து சேர்ந்த ட்ரென்ட்டிடம் நீட்டினார். "பாரு ஹாலிஸ். இந்தப் பையன் பண்ணின வேலை. அவனே எழுதிக் குடுத்திருக்கான்."

ட்ரென்ட் பொறுமையாகப் படித்தார். அதில் இப்படி இருந்தது:

'நான் என் முகத்தை மறைக்கவில்லை. எனக்கு முடி இருக்கிறது. உறுப்பினர் ஸ்டெக்கருக்கு எழுபது அடிக்கு அப்பால் முகம் தெரியாது, நிறம்தான் தெரியும். அதனால் ஆரஞ்சு டை கட்டினேன். எந்தத் திருத்தம் என்று அவர் பார்க்கவில்லை. டையைப் பார்த்தார், அழுத்தினார். அவர் வரிசையில் இருந்தவர்களும் அழுத்தினார்கள். யார் கட்டினாலும் இது நடக்கும். இந்தத் தாளையும் அவர் படிக்காமலேதான் உங்களிடம் தருவார்.'

ட்ரென்ட் கடைசி வரியைப் படித்துவிட்டு ஸ்டெக்கரை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிறவனின் பார்வை.

"வாரன், மணி என்ன ஆச்சு?"

"என்ன?"

"அதோ, கோடியில சுவர்க் கடிகாரம் இருக்குல்ல. மணி என்ன?"

ஸ்டெக்கர் கோடியைப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். இடுக்குவது தெரிந்துவிடுமே என்று விரித்தார். "ஒண்ணாகப் போகுது."

"அது கடிகாரம் இல்ல வாரன். பழைய கவர்னர் படம்."

ஒரு நிருபர் சிரித்தான். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"என் டையைக் கட்டினா ஒரு குரங்கு சொன்னாலும் அழுத்துவ போலிருக்கே," என்றார் ட்ரென்ட், மிருதுவாக. தாளை நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தார். "போ, சில்லி ஆறிடப்போகுது." காரெட்டின் பக்கம் திரும்பி அவன் கழுத்தைப் பார்த்தார். "முடிச்சு சரியாப் போடல நீ."

"பழக்கமில்ல," என்றான் காரெட்.

"ஹாலிஸ், நில்லுப்பா," என்று ஸ்டெக்கர் பின்னாலேயே போனார். ட்ரென்ட் நிற்கவில்லை. காவலர் காரெட்டின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்.

திருத்தம் மேலவைக்குப் போனது. அங்கே வேறொரு குழுத் தலைவர், வேறொரு இழுப்பறை. இன்னும் அங்கேதான் இருக்கிறது. கோசிக் வாரம் ஒருமுறை போய் அதன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். காரெட் போவதில்லை, அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

ஏப்ரலில் சங்கம் மதிப்பெண் போட்டது. ஸ்டெக்கருக்குக் கடைசித் தரம். மே மாதம் அவர் தொகுதியில் இன்னொருவனை நிறுத்தினார்கள். முப்பத்தைந்து வயது, கண்ணில் குறை இல்லை, துப்பாக்கி விஷயத்தில் ஸ்டெக்கரைவிடக் கெட்டி. அது காரெட்டுக்குத் தெரியும். தெரிந்தே ஜூன் எட்டாம் தேதி, உட்கட்சித் தேர்தல் நாளன்று, மாலை முழுவதும் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்டெக்கர் நூற்றுக்கு முப்பத்தொரு ஓட்டு வாங்கித் தோற்றார். காரெட் வானொலியை நிறுத்திவிட்டு, முட்டை பொரித்துத் தின்றான். எட்டு மாதத்தில் முதல்முறையாக உப்பு தெரிந்தது.

மறுநாள் சாலைத் துறைப் பட்டறையில், பலகை எழுதும் இயந்திரத்தில் ஓர் ஒட்டுத் தாளைச் செருகினான். ஆரஞ்சுப் பின்னணி, கறுப்பு எழுத்து. நெடுஞ்சாலையில் வேகமாக வருகிறவனுக்கும் தெரிகிற அளவில் எழுத்து வைத்தான். கண்ணாடி போட வேண்டிய அவசியம் ஸ்டெக்கருக்கு வரக்கூடாது என்று நினைத்தான். தாள் அரைக்கதவு அகலத்துக்கு வந்தது. சுருட்டி, உறை போட்டு, ஸ்டெக்கரின் வீட்டு முகவரிக்கு அனுப்பினான்.

அதில் இருந்தது இவ்வளவுதான்:

உங்க குடும்பத்தை எங்க பிரார்த்தனையில வெச்சிருக்கோம். அடுத்தவங்க வரலாம்.