தண்ணீரில் ஏறிய கோடு

ஆய்வகத்தில் அவளுக்குத் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். டீக்குச் சர்க்கரையைக்கூட எடை பார்த்துத்தான் போடுவாள் என்று கேலி செய்வார்கள். உணவில் மரபணு மாற்றிய சோயா கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

அன்று காலை கணினித் திரையைப் பார்த்ததும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் மட்டும் விட்ட சோதனைக் குழாயிலும் கோடு மேலே ஏறியிருந்தது. கோடு ஏறினால் மாற்றிய மரபணு இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் அது எப்படி வரும்? கைதவறி எதுவோ தண்ணீர் பாட்டிலிலேயே கலந்திருக்கிறது.

எப்போதிருந்து?

போன வாரம் மாதிரிகள் குவிந்து கிடந்தன. இயந்திரத்தில் இன்னொன்றுக்கு இடம் வேண்டுமென்று தண்ணீர் விட்ட சோதனைக் குழாயை அவளே வைக்காமல் விட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் ஒரு மில்லின் குழந்தை உணவு மாவில் 'கலப்பு உண்டு' என்று கையெழுத்துப் போட்டாள். மில்லை மூடிவிட்டார்கள்.

இன்றைய முடிவை அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. விரல் பொத்தான்வரை போனது. சட்டென்று எழுந்து மேலாளர் அறைக்குப் போய்விட்டாள்.

"சார், போன வாரம் தண்ணி வைக்காமலே ஓட்டிட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"உன் வேலை மட்டும் போகாதும்மா. இந்த இடத்துக்கே பூட்டு போட்டுடுவாங்க."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மீதி மாவு இருக்குல்ல? புது பாட்டில் தண்ணி, வேற அறை. மறுபடி ஓட்டு. நானும் கூட நிக்கறேன்."

மூன்று மணி நேரம் அவள் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் மில் மாவின் கோடும் தண்ணீரின் கோடும் தரையோடு தரையாகக் கிடந்தன. மாவு சுத்தம். அப்படியென்றால் மில்லை மூடவைத்தது அவள் போட்ட தப்பான கையெழுத்து. பயம் இரட்டிப்பானது.

மில்காரருக்கு அவளே போன் போட்டு, மாவில் கலப்பு இல்லை என்று சொன்னாள்.

"நேத்துதாம்மா அத்தனை மூட்டையையும் குழி தோண்டிப் புதைச்சோம்," என்றார் அவர். மறுமுனையில் அவர் மனைவியிடம் கத்துவது கேட்டது: "ஏய், நம்ம மாவுல ஒண்ணும் இல்லையாம்!"

பிறகு குரல் இறங்கியது. "தப்பு உங்களுதுன்னு எழுத்துல குடுப்பீங்களாம்மா?"

மேலாளரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குடுக்கறேங்க."

தப்பு தன்னுடையது என்று எழுதிய கடிதத்தின் கீழே கையெழுத்து கோணலாக விழுந்தது. வேறு தாள் எடுக்க நின்றால் மனம் மாறிவிடுமோ என்று அதையே உறையில் போட்டு ஒட்டினாள்.