இழுக்க முடியாத படகு

ஒலுவில் துறைமுகத்தில் எந்தப் படகு எங்கே நிற்கும் என்று காட்டும் இணையப் பக்கத்தை மீனவர் சங்கத்துக்குச் செய்து கொடுத்தவள் இன்ஷிரா. திரையில் படகுகளை விரலால் இழுத்து இடம் மாற்றலாம்.

மீராமுகைதீனின் படகு கடலுக்குப் போய் ஆறு நாளாகத் திரும்பவில்லை. யாரோ திரையில் அதை ஓரத்துக்கு இழுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் படகை வைத்திருந்தார். மீராமுகைதீனின் மனைவி சுபைறா இன்ஷிராவுக்குப் போன் எடுத்து அழுதாள்.

"அவர் வாற நேரம் இடமில்லாமப் போகுமா, மகள்?"

"இல்ல மாமி, இனி ஒருத்தராலும் அத அசைக்க ஏலாது."

இன்ஷிரா படகைப் பழைய இடத்தில் வைத்து, அதற்கு மட்டும் இழுக்கும் வசதியை நிறுத்தினாள். சங்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், அவள் பொருட்படுத்தவில்லை.

ஒன்பதாம் நாள், எஞ்சின் பழுதான அந்தப் படகை இன்னொரு படகு கட்டியிழுத்து வந்தது. மீராமுகைதீன் மெலிந்துபோய் இறங்கினார். இன்ஷிரா அவர் படகுக்கு இழுக்கும் வசதியைத் திரும்பக் கொடுத்தாள். திரையில் படகைத் திருத்துமிடத்துக்கு நகர்த்தியது சுபைறாவின் விரல்.