எஸ்கிலின் இசைத்தாள்கள்

லூலியோ நகரில் சின்னப் பாடகர் குழு ஒன்றை நடத்தி வந்த எஸ்கிலுக்கு இரண்டு வருடமாக வலது கையில் நடுக்கம். மௌஸைப் பிடித்தால் அம்பு திரையெல்லாம் ஓடியது. அதனால் மௌஸைத் தூக்கி இழுப்பறையில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலின் கறுப்புத் திரையிலேயே செய்யப் பழகியிருந்தான். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அம்பு விசையில் இறங்கி எண்டரைத் தட்டினால் கோப்பு திறந்துகொள்ளும்.

அந்தச் சனிக்கிழமை காலை அது திறக்கவில்லை. மூன்று மணிக்கு ஒத்திகை. பன்னிரண்டு பேருக்கும் தாள் அச்சிட வேண்டும். புதிதாகப் போட்ட வாசிப்புச் செயலி, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. அடுத்ததும் அப்படியே. சற்று முன்பு விரல் இடறி ஏதேதோ விசைகளில் பட்டது அவனுக்கு நினைவு வந்தது. இருபது வருடம் உட்கார்ந்து எழுதிய இசைத்தாள்களைத் தன் கையே அழித்துவிட்டது என்று முடிவு கட்டி, அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி மாரித் நகரப் பேருந்து ஓட்டுபவள். கணினி என்றால் அவளுக்கு ஆகாது. ஏலக்காய் பன் தட்டோடு வந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பேரெல்லாம் இருக்கே. அளவு கூடப் போட்டிருக்கு."

"திறக்க மாட்டேங்குது, மாரித். போச்சு."

"இல்லேன்னு யாரு சொல்றா? இந்தப் பட்டியலா, அந்தச் செயலியா?"

எஸ்கில் பட்டியலை மறுபடி பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான். புதிய செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தடுப்புக்குள் ஓடுபவை. அனுமதித்த இடத்தைத் தவிர வேறெதுவும் அவற்றின் கண்ணில் படாது. இசைத்தாள்களோ வெளியே செருகிய வட்டில் இருந்தன. சோதித்துப் பார்க்க ஒன்றை மட்டும் அந்தச் செயலிக்குத் தெரிந்த ஃபோல்டருக்கு நகலெடுத்தான். திறந்தது. ஐந்து கோடுகளும் கறுத்த சுரங்களும் திரை நிறைய வந்தபோது மாரித் அவன் தோளில் கையை வைத்தாள்.

அனுமதி தரும் கட்டளை நீளமானது. அவன் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவள் ஒற்றை விரலால் தட்டினாள். இசைத்தாள் ஃபோல்டர் மட்டும் போதும், அதுவும் வாசிக்க மட்டும் என்றான்.

"எழுதவும் விட்டா என்ன?"

"வேண்டாம். அந்தச் செயலிக்குள்ள இருக்கும்போது என் கை எங்க பட்டாலும் ஒண்ணும் கெடாது. அந்த ஒரு இடத்துலயாவது பயமில்லாம இருக்கேனே."

மாரித் வாசிக்க மட்டும் என்றே தட்டி முடித்தாள். அவன் கையைத் தொடைக்கடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது அங்கேயும் நடுங்கியது. இரண்டு பேரும் பன்னைத் தின்றார்கள்.

ஒத்திகையில் தாள்களைக் கொடுத்து முடித்ததும், இத்தனை நாள் கால்சட்டைப்பையில் ஒளித்துவைத்த கையை வெளியே எடுத்து, விஷயத்தை எல்லோரிடமும் சொன்னான்.  கீழ்க்குரல் பாடும் வால்ஃப்ரிட் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நாங்க உன் கையப் பார்த்துப் பாடி எத்தன வருஷமாச்சு! நீ மூச்சு இழுக்கிறதத்தான் பார்க்கிறோம்."

எஸ்கில் மூச்சை இழுத்தான். அவர்கள் பாடத் தொடங்கினார்கள்.