பதினேழாம் பெட்டியின் பொய்

நகரத்தின் நாற்பது சந்துகளில் நாற்பது பெட்டிகள் தொங்கின. ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று, அதற்குள் சின்னதாக ஒரு வெப்பமானி. காற்றின் சூட்டை மட்டும் அளந்தால் போதாது, வெயில் மனுஷன் மேல் இறக்கும் சூட்டையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பந்து. நாற்பதுக்கும் தன் கையாலேயே பெயின்ட் அடித்தவளை அலுவலகத்தில் 'தெர்மா' என்று கூப்பிட்டார்கள். தெர்மாமீட்டரின் சுருக்கம். அவள் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. பெற்றவர்கள் வைத்த பேரைவிட அது பொருத்தமாகவே இருந்தது.

முப்பத்தொன்பது பெட்டிகள் சமர்த்து. உச்சி வெயிலில் ஐம்பது, ஐம்பத்திரண்டு டிகிரி என்று ஒழுங்காகச் சொல்லின. பதினேழாம் பெட்டி மட்டும் நாற்பது டிகிரியைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. அது இருந்ததோ நிழலுக்கு ஒரு செடிகூட இல்லாத சந்து. தெர்மா நேரில் போய் நின்றால் அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக ஐம்பத்தொன்று காட்டும். முதுகைத் திருப்பினால் அலுவலகத் திரையில் மறுபடி முப்பத்தொன்பது. பெட்டியை மாற்றினாள், பந்தை மாற்றினாள், தொங்கிய கம்பத்தையே மாற்றினாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு காரணம் சொல்லுங்கம்மா. ஒரு பெட்டி பொய் சொன்னா மத்ததை யார் நம்புவாங்க? ஆய்வை மூட வேண்டியதுதான்."

தெர்மாவின் மூன்று வருஷ உழைப்பு. அது போனால் போகட்டும் என்றாலும், அந்த நாற்பது சந்துகளிலும் மரம் வைத்து, நிழல் கட்டி, தரையை வெளிர் நிறமாக்கும் திட்டம் இந்த ஆய்வை நம்பித்தான் நின்றது. ஆய்வை மூடினால் அடுத்த கோடையிலும் அந்த ஜனங்கள் வெந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை காலையில் வீட்டு மணி அடித்தது. மாமியார். சொல்லாமல் கொள்ளாமல் வருவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தெர்மாவும் அவள் கணவனும் அரக்கப் பரக்க சோபாவில் குவிந்து கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார்கள். மாமியார் செருப்பைக் கழற்றியதும் நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"சொல்லிட்டு வந்திருந்தா இதையும் மடிச்சு வெச்சிருப்பீங்க. அப்புறம் நீங்க குடித்தனம் பண்ற லட்சணம் எனக்கு எப்படித் தெரியும்?"

கணவன் அசடு வழிந்தான். தெர்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அளக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் சந்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்பது அலுவலக விதி. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் சொல்லாமல் போனதில்லை.

"அத்தை, நீங்க எங்கயோ இருக்க வேண்டியவங்க!" என்று அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏன்டா, இவளுக்கு வெயில் தலைக்கேறிடுச்சா?" என்று மாமியார் கேட்டது படிக்கட்டு வரை காதில் விழுந்தது.

உச்சி வெயில் நேரத்தில் பதினேழாம் சந்துக்குள் நுழைந்தவள் வாயைப் பிளந்தாள். சந்துக்கு மேலே வானத்தைக் காணோம். பழைய போர்வை, திரைச்சீலை, கிழிந்த குடைத்துணி, ரவிக்கைத் துண்டு என்று கண்டதையும் சேர்த்துத் தைத்த ஒரு பெரிய துணிக்கூரை, துணி காயப்போடும் கயிறுகளின் மேல், மாடிக்கு மாடி விரிந்திருந்தது. அதன் கீழே நான்கு பேர் கேரம் ஆடினார்கள். ஒரு கைக்குழந்தை கயிற்றுக்கட்டிலில் சுகமாகத் தூங்கியது. சந்தின் தையல்காரி மிஷினை வாசலிலேயே போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, சூடு மேடம்! இன்னிக்கு நோட்டீஸே ஒட்டலையே!"

அவ்வளவுதான், கேரம் ஆடியவர்கள் எழுந்து கயிறுகளைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள்.

"இறக்காதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று தெர்மா கத்தினாள். "இதை எதுக்கு இத்தனை நாளா எங்கிட்ட மறைச்சீங்க?"

"மறைக்கல மேடம்," என்றாள் தையல்காரி, கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தோடு. "ஆபீஸர் வர்ற நாள்ல தெரு பூரா கிழிசல் தொங்கினா நல்லாவா இருக்கும்? அதான் இறக்கி, மடிச்சு, பெருக்கி வெச்சிடுவோம். உங்க மேல ஒரு மரியாதைதான்."

தெர்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பெட்டி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அவள் போன நாளில் சந்துதான் அவளிடம் மரியாதைக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

தலைமைப் பொறியாளர் இதை நம்பவில்லை. "வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கறேன்," என்றார். தெர்மா தையல்காரியிடம் படித்துப் படித்துச் சொன்னாள், எதையும் இறக்கக் கூடாது என்று.

வெள்ளிக்கிழமை நண்பகலில் இருவரும் சந்துக்குள் நுழைந்தபோது தெர்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வானம் பளிச்சென்று தெரிந்தது. தெரு கண்ணாடியாக இருந்தது. துணிக்கூரை துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து ஒரு நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது.

"அக்கா, என்ன இது!"

"நீங்கன்னா பரவாயில்ல, நம்ம வீட்டுப் பொண்ணு," என்று தையல்காரி கிசுகிசுத்தாள். "அவர் பெரிய மனுஷராச்சே!"

தலைமைப் பொறியாளரின் வழுக்கைத் தலையில் வியர்வை ஊற்றெடுத்தது. பந்தில் ஐம்பத்திரண்டு. "எங்கம்மா உங்க நிழல்?" என்றார்.

தெர்மா பந்தின் சூட்டைக் காட்டும் கைக்கருவியை அவர் கையில் திணித்தாள். "சார், இதையே பார்த்துக்கிட்டு இருங்க. அக்கா, கட்டுங்க! எல்லாரும் வாங்க!"

மாடிகளிலிருந்து கைகள் நீண்டன. கயிறுகள் கிரீச்சிட்டன. ஒவ்வொரு முழமாகத் துணி நகர, தரையில் நிழல் பரவியது. தலைமைப் பொறியாளர் கண்ணை எடுக்காமல் எண்களைச் சத்தமாக வாசித்தார். ஐம்பது. நாற்பத்தாறு. நாற்பத்திமூன்று. சந்து மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. நாற்பது என்று அவர் சொன்னபோது மாடியில் யாரோ விசிலடித்தார்கள்.

"இறக்குங்க," என்றார் அவர். இறக்கினார்கள், ஏறியது. "கட்டுங்க." கட்டினார்கள், இறங்கியது. மூன்று தடவை இப்படிச் செய்யவைத்தார். கடைசித் தடவை மனுஷர் பொறுக்க மாட்டாமல் தானே ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"எந்த இடத்துல எவ்வளவு துணின்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று தையல்காரியிடம் கேட்டார்.

"கணக்கு என்ன சார்? எங்க வெயில் ஒழுகுதோ அங்க ஒட்டுப் போட்டேன்."

அவர் தெர்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஆய்வு நடக்கட்டும். மரம் வளர்ற வரைக்கும் நாற்பது சந்துக்கும் இதுதான். இவங்களையும் சேர்த்துக்குங்க. எப்ப ஆரம்பிக்கறீங்க?"

அதற்குள் தையல்காரி இன்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பக்கத்துச் சந்துல என் தங்கச்சி இருக்கா. இப்பவே போலாம் மேடம்."

மூன்று வருஷமாகச் சூட்டையே அளந்தவள், முதன்முறையாக நிழலுக்கு அளவெடுக்கப் போனாள்.