புத்தூரில் நிற்காத வண்டி

திருப்பதி ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்த வேங்கடாசலத்தின் வலது முழங்கை சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மகள் யாமினி சொல்லிப் பார்த்தாள். நகரியில் தறி ஓட்டுகிற கைக்குப் புத்தூர் எலும்புக்கட்டுதான் சரிப்படும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பேசஞ்சர் சாயந்திரம்தான். எதிரில் சென்னை போகும் விரைவு வண்டி நின்றிருந்தது.

"புத்தூர்ல நிக்காத வண்டி எதுமா? ஏறு."

யாமினி பேசஞ்சரில் போய்வந்துதான் டிகிரி வாங்கினாள். வீட்டுக்கே முதல் டிகிரி. அவள் ஏறிய வண்டியெல்லாம் புத்தூரில் நின்ற வண்டிதான். கையில் போன் இருந்தும் பார்க்கத் தோன்றவில்லை.

ரேணிகுண்டா தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர், இது புத்தூரில் நிற்காதே என்றார். வேங்கடாசலம் நம்பவில்லை. எலும்புக்கட்டுக்கு வருகிறவர்கள் இறங்கி முடிக்கும்வரை பேசஞ்சர் வண்டியின் கார்டு பச்சைக்கொடி காட்டமாட்டார் என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார். துண்டில் தொங்கிய கையைக் கார்டு கண்ணில் படும்படி வெளியே காட்டி நின்றார்.

புத்தூர் வந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கால்களோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே கோடாகப் பின்னால் நழுவி மறைந்தார்கள். வண்டி வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை.

அவர் கையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். "நம்மள பாக்கலியேமா."

இந்த மாதிரி வண்டிகளுக்கு வழிவிட்டுப் பேசஞ்சர் ஓரம்கட்டிக் கிடந்த காலைவேளைகளெல்லாம் யாமினிக்கு நினைவுக்கு வந்தன. எட்டிச் செயினைப் பிடித்து இழுத்தாள்.

பிளாட்பாரம் இல்லாமல் ஜல்லி மட்டும் கிடந்த இடத்தில் வண்டி நின்றது. ரயில்வே போலீஸ்காரர் வந்தார். "செயின் லாகிந்தி எவரு?"

"நான்தான் சார்," என்று வேங்கடாசலம் முந்திக்கொண்டார்.

"ஈ சேத்தோனா?" இந்தக் கையாலா என்பதுபோல் போலீஸ்காரர் வீங்கிய கையைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

வேலைக்கு ஆர்டர் வரப்போகிற பெண், அவள்மேல் கேஸ் வேண்டாம் என்று அவர் தாழ்ந்த குரலில் கெஞ்ச ஆரம்பித்தார்.

"நைனா, சும்மா இரு. இழுத்தது நான். எம் பேர எழுதிக்கோங்க. மொதல்ல அவர எறக்கி விடுங்க."

இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். கூட இறங்கப் போனவளைப் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். வண்டி கிளம்பியது. அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வண்டி தாண்டி வந்துவிட்ட புத்தூரை நோக்கி, கையைக் குழந்தைபோல் மார்போடு அணைத்து, ஜல்லியில் தடுமாறித் தடுமாறி அவர் நடந்துகொண்டிருந்தார்.